மோப்பக்காரி வீட்டுப் பொட்டலம்

போன வாரம் மிளகு உட்கார்ந்ததோடு விட்டிருந்தோம்.

மிளகு என்றால் அஞ்சறைப்பெட்டிச் சாமான் இல்லை, கறுப்பு நிற மோப்ப நாய் என்பதைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மோப்ப நாய்க்குப் போய் மிளகு என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று காவல் துறையில் இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதை நடத்திக்கொண்டு போகிறவள்தான் நம் கதாநாயகி. தெருவில் அவளுக்கு மோப்பக்காரி என்றே பெயர். மழையில் நாய்க்கொட்டகையின் கூரை பெயர்ந்துபோனதால், மராமத்து முடியும்வரை மிளகை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். வந்த மறுநாள் காலையே அது நேராகக் கூடத்து மூலைக்குப் போய், அவள் புருஷனின் பெயிண்ட் பெட்டி முன்னால் அசையாமல் உட்கார்ந்துவிட்டது.

மோப்ப நாய் குரைக்காது, பிராண்டாது. கஞ்சாவோ போதைப்பொடியோ இருக்கும் இடத்தில் உட்காரும். உட்கார்ந்து, கூட்டி வந்தவர் முகத்தைப் பார்க்கும். அவ்வளவுதான் அதன் பாஷை. அது பார்த்த மாத்திரத்தில் பந்தை வீச வேண்டும், அதுதான் அதற்குக் கூலி. கொஞ்சம் யோசித்து நின்றாலும் நாய் குழம்பிவிடும், அடுத்த தடவை உட்காரத் தயங்கும். அதனால் இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் பழக்குவது நாயை அல்ல, தங்கள் சொந்தக் கையை.

அந்தக் கைதான் கெடுத்தது.

மிளகு பார்த்தது. மோப்பக்காரியின் வலது கை இடுப்புப் பையிலிருந்து பந்தை எடுத்து வீசியே விட்டது. பந்து சுவரில் பட்டுத் தெறிக்க, மிளகு துள்ளிக்கொண்டு ஓடியது. மூளை அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது. அடக் கடவுளே, இது என் வீடாச்சே!

தனியாக இருந்திருந்தால் எப்படியோ போகட்டும். வாசலில், இஸ்திரி போட்ட சீருடையைக் கையில் ஏந்திக்கொண்டு, தையல்காரியான அவள் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.

"பந்து போட்டுட்டியே," என்றாள் நாத்தனார்.

"அது... கை தவறி..."

"எங்கிட்டயே கதை விடாத. எந்தப் பெட்டியில சரக்கு இருக்கோ அந்தப் பெட்டிக்குத்தான் பந்துன்னு நீதான சொல்லிச் சொல்லிச் சிரிப்பே? இது யார் பெட்டி?"

யார் பெட்டி என்று இருவருக்குமே தெரியும். பெட்டிக்காரன் அப்போதுதான் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்தான். வாயில் பந்தோடு வால் ஆட்டும் நாயைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். எதற்கெடுத்தாலும் ஒரு கேலி வைத்திருக்கிற அந்தப் பெயிண்டருக்கு அன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

மோப்பக்காரி பெட்டியைத் திறந்தாள். தூரிகைகளுக்கு அடியில், தின்னர் டின்னுக்குப் பின்னால், பழைய உப்புத்தாளில் சுருட்டி வைத்த சின்னப் பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்த்தாள். பழுப்புப் பொடி, விரல் நுனியில் அள்ளுகிற அளவு.

"தின்னர் நாத்தத்துல தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அவன் தலையாட்டினான்.

"போலீஸ் நாய்க்காரியைக் கட்டிட்டு, இது கூடவா தெரியாது? நமக்குத்தாங்க மொத்தமா ஒரு பெயிண்ட் நாத்தம். நாய்க்கு டின் தனி, தின்னர் தனி, தூரிகை தனி, இந்தச் சனியன் தனி!"

கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தை முன்னால் அனுப்பிவிட்டு அழுகையை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாள். ஊரையே மோந்து பார்த்தவளுக்குச் சொந்த வீட்டில் மூக்கடைத்துப் போயிருந்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

அவன் சுவரோரமாக உட்கார்ந்து சொன்னான். சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனது அவளுக்குத் தெரிந்த கதைதான். ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரை, அதை அவர்கள் நிறுத்தியது, இதுவும் தெரியும். நிறுத்தியபிறகு கூட வேலை செய்த ஒருவன் "இதைப் போட்டுப் பாரு, ஏணி ஏறலாம்" என்று கொடுத்ததுதான் தெரியாது.

"ஒரு நாள் போடலேன்னா முதுகெலும்புல யாரோ ஆணி அடிக்கிறாங்க. இப்ப வலிக்காகப் போடறேனா, போடாம இருக்க முடியலையேன்னு போடறேனா... எனக்கே தெரியல போலீஸ்காரம்மா."

அவளைப் போலீஸ்காரம்மா என்று அவன் கூப்பிடுவது கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற கிண்டல். இன்றைக்கு அது கிண்டலாக வரவில்லை.

நாத்தனார் சீருடையை நாற்காலியில் போட்டாள். "ஏம்மா, நிக்கிறியே, கூப்பிடு உங்க ஆளுங்களை. உள்ள தள்ளு இவனை."

"அண்ணி!"

"என்ன அண்ணி? என் கூடப்பிறந்தவன், எனக்கு இல்லாத அக்கறையா உனக்கு? என் வீட்டுக்காரர் எப்படித் திருந்தினாரு? நான் கெஞ்சியா? காலைப் பிடிச்சா? பாத்திரத்தை எல்லாம் வித்துத் தின்னாரு. ஜெயில்ல போட்டான், சரியாப் போச்சு. இன்னிக்கு நான் தைக்கிறதை எல்லாம் அவர்தான் இஸ்திரி போடறாரு. இந்த மடிப்பைப் பாரு!"

மடிப்பு உண்மையிலேயே கத்தி மாதிரி இருந்தது.

"எல்லாருக்கும் ஒரே மருந்தா அண்ணி? ஆடற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடற மாட்டைப் பாடிக் கறக்கணும்."

"இது உதைக்கிற மாடு."

"நான் மாட்டேனா உள்ளே அனுப்ப? எத்தனை பேரை அனுப்பிச்சிருக்கேன்! அனுப்பிச்சவங்க திரும்பி வந்ததைப் பார்த்ததுனாலதான் சொல்றேன். உங்க வீட்டுக்காரரையே எடுத்துக்குங்க. வெளியே எங்கயாவது விசில் சத்தம் கேட்டா என்ன பண்றாரு?"

நாத்தனார் நாற்காலியில் கிடந்த சீருடையின் மடிப்பை நீவினாள். விசில் கேட்டால் அந்த மனிதர் சட்டென்று எழுந்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, சுவரைப் பார்த்து நிற்பார். சாப்பாட்டின் நடுவில் இருந்தாலும் எழுந்துவிடுவார். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

"நிக்கட்டும்," என்றாள் கடைசியில். "நிக்கிறதுக்கு உயிரோட இருக்காரே."

அண்ணி சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம்.

பெயிண்டர் கையை நீட்டினான். "அதைக் கொடு. கக்கூஸ்ல கொட்டிடறேன். இத்தோட தலைமுழுகிட்டேன்."

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவை தலைமுழுகினீங்க?"

கை இறங்கிவிட்டது.

அவள் பொட்டலத்தைச் சாட்சிப் பொருள் வைக்கிற உறையில் போட்டு ஒட்டினாள். சீருடையை மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு நகர மன்றத்தில் அவள் பேச வேண்டிய நாள். கஞ்சாவோ பொடியோ, சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமாக வைத்திருப்பவரைக் குற்றவாளியாக நடத்தாமல் வைத்தியத்துக்கு அனுப்ப வேண்டும், விற்பவனை மட்டும் பிடிக்க வேண்டும் என்று புது மசோதா ஒன்று வந்திருந்தது. சட்டமன்றக் குழு அங்கே உட்கார்ந்து பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. நாய்ப்படையின் சார்பில் மசோதாவை எதிர்த்துப் பேச அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நேற்று ராத்திரி கூட, மிளகுக்குச் சோறு வைத்துக்கொண்டே அந்தப் பேச்சை ஒப்பித்துப் பார்த்தாள்.

"கிளம்புங்க," என்றாள்.

"எங்க, ஸ்டேஷனுக்கா?" என்றான் அவன்.

"ஆஸ்பத்திரிக்கு. அண்ணி, நீங்களும் வாங்க. வழியெல்லாம் திட்டிட்டே வரலாம்."

*

போதை மீட்பு மையம் கடைத்தெருவுக்குப் பின்னால், குடோன் மாதிரி ஒரு கட்டடம். வரவேற்பறைச் சுவரில் மேலே ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. நகர மன்றத்து நிகழ்ச்சியை நேரடியாகக் காட்டுவதற்காக அதற்குள் மேஜைகளையும் மைக்கையும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெயிண்டர் சுவரை அண்ணாந்து பார்த்தான். "ரெண்டாவது கோட்டே அடிக்கல. பில்லு மட்டும் ரெண்டு கோட்டுக்கு வாங்கியிருப்பான்."

"உன் வாய் மட்டும் இன்னும் அடங்கல பாரு," என்றாள் நாத்தனார். ஆனால் தம்பி ஜோக் அடித்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி. அவன் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது, கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"மருந்து இருக்கு. முதல் நாலஞ்சு நாள் கஷ்டம், நாங்க கூடவே இருப்போம். முதுகு வலிக்கும் தனியா வழி பண்ணலாம், அதைக் கவனிக்காம விட்டதுதான் தப்பு. ஆனா சேர்த்துக்கிட்டா இன்னிக்கே ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லியாகணும். இப்ப இருக்கிற சட்டம் அது. மேடம் அந்த சீருடையிலேயே வந்திருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"சொன்னா என்ன ஆகும்?" என்று நாத்தனார் கேட்டாள்.

"சில சமயம் கேஸ் போட்டுட்டு இங்கேயே விட்டுடுவாங்க. சில சமயம் கூட்டிட்டுப் போயிடுவாங்க. மருந்து ஆரம்பிச்ச அன்னிக்கே லாக்கப்புல போட்டா, உயிருக்கே ஆபத்து. போன மாசம் அப்படி ஒருத்தரை இழந்தோம்."

பெயிண்டர் எழுந்துவிட்டான்.

"வா, போலாம்."

"உட்காருங்க."

"எனக்கு இது வேணாம். ஸ்டேஷன்ல என் பேரைப் பார்ப்பான். யார் புருஷன்னு பார்ப்பான். தெரிஞ்சே வீட்டுல வச்சிருந்தாள்னு உன் மேல எழுதுவான். உன் வேலை போகும், நாய் போகும். நான் விழுந்தது என்னோட போகட்டும். நீ ஏன் கூட விழணும்?"

"வேலை போனாப் போகுது!"

"போனாப் போகுதா? கொட்டகைக் கூரை பெயர்ந்த அன்னிக்கு நனைஞ்சுட்டே ஓடினவ நீ. எனக்குத் தெரியாது பாரு!"

அவள் அவன் எதிரில் வந்து நின்றாள். அவன் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. சந்தையிலும் பஸ் நிலையத்திலும் எத்தனையோ பேரிடம் இதே கண்ணைப் பார்த்துப் பிடித்தவள், இதைத் தினம் பக்கத்தில் வைத்துக்கொண்டு களைப்பு என்று நினைத்திருந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. மறைக்காமச் சொல்லுங்க. இங்க சேராம இருக்கறதுக்கு என் வேலைதான் காரணமா? வேற எதுவும் இல்லையே? பயம், வெட்கம், அதை விட மனசில்ல... எதுவானாலும் சொல்லுங்க."

"பயமாத்தான் இருக்கு. ஆனா அதுக்காக ஓட மாட்டேன். உன் வேலை ஒண்ணுதான்."

"அது இல்லேன்னா சேருவீங்களா?"

"சேருவேன்."

"சரி." அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "அந்த டிவியைப் பார்த்துட்டு இங்கேயே இருங்க. அண்ணி, இவர் எழுந்து போகாமப் பார்த்துக்குங்க."

"எழுந்துதான் பார்க்கட்டுமே," என்றாள் நாத்தனார்.

*

அலுவலகத்துக்குப் போய் உறையைச் சாட்சிப் பொருள் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வீட்டிலிருந்து மிளகைக் கூட்டிக்கொண்டு நகர மன்றத்துக்குள் நுழைந்தபோது அதிகாரி வாசலிலேயே காத்திருந்தார். நாய்ப்படைக்கு அவர்தான் தலைவர். நல்ல மனிதர். கொட்டகை மராமத்துக்காக மேலிடத்தில் மல்லுக்கட்டியவர் அவர்தான்.

"பேச்சு மனப்பாடமா?"

"பேச வேண்டியது தெரியும் சார்."

"விளையாட்டில்ல. இந்த மசோதா வந்தா நாளைக்கு நம்ம நாய்ங்களுக்குப் பாதி வேலை இருக்காது. படையையே கலைச்சாலும் கலைப்பான். நீயும் மிளகும்தான் இன்னிக்கு நம்ம மானத்தைக் காப்பாத்தணும்."

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மன்றத்தில் நீள மேஜைக்குப் பின்னால் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் தலைவி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு முன்னால் பேசியவர் லாரி ஓட்டுநர் சங்கத்துக்காரர். "பயம் விட்டுப்போச்சுன்னா எல்லாம் விட்டுப்போச்சு! ஸ்டியரிங் பிடிக்கிறவன் கஞ்சா அடிச்சுட்டு வந்தா, ரோட்டுல நடக்கிற உங்க பிள்ளைக்கு யார் பதில்?" என்று மேஜையைத் தட்டினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவர் சொன்னதும் பொய் இல்லை.

முதலில் மிளகின் வேலை. மேடையில் வரிசையாக வைத்த பைகளில் ஒன்றில் மாதிரி மறைத்து வைத்திருந்தார்கள். மிளகு ஒரு சுற்றுச் சுற்றியது, சிவப்புப் பை முன்னால் உட்கார்ந்தது. பந்து பறந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அதிகாரி முகத்தில் பெருமை பொங்கியது.

மோப்பக்காரி மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இப்ப நீங்க பார்த்தீங்களே, இந்த நாய் பொய் சொல்லாது. சரக்கு எங்க இருக்குன்னு சரியாச் சொல்லும். ஆனா யாருகிட்ட இருக்குன்னு அதுக்குத் தெரியாது. விக்கிறவனா, வலி தாங்காம வாங்கினவனா, வேடிக்கைக்கு வாங்கின காலேஜ் பையனா... அதெல்லாம் மோப்பத்துல வராது. அதைப் பிரிச்சுப் பார்க்க வேண்டியது நம்ம சட்டம். நம்ம சட்டமும் நாய் மாதிரியேதான் பண்ணுது. எல்லார் முன்னாடியும் உட்கார்ந்துடுது."

கூட்டத்தில் சலசலப்பு. அதிகாரியின் புருவம் உயர்ந்தது. இது மனப்பாடப் பேச்சில் இல்லாத வரி.

"பஸ் நிலையத்துல முடிவெட்டற ஒருத்தரைப் பிடிச்சேன். ஒரு சிட்டிகை கஞ்சா. கேஸ் ஆச்சு, உள்ளே போனாரு. அவர் நாற்காலியில கடைக்காரர் வேற ஆளை உட்கார வச்சுட்டாரு. வெளியே வந்தப்ப, அதே இடத்துல மிளகு மறுபடி அவர் முன்னாடி உட்கார்ந்துச்சு. இந்தத் தடவை கஞ்சா இல்ல, பொடி. உள்ளே போகும்போது அந்தப் பழக்கம் அவருக்கு இல்ல. நாமதான் கத்துக்கொடுத்து அனுப்பிச்சோம். விக்கிறவனை விடாதீங்க, நானே பிடிச்சுத் தர்றேன். வண்டி ஓட்டும்போது அடிக்கிறவனையும் விடாதீங்க. லாரிக்கார அண்ணன் சொன்னது சரி. ஆனா நோயாளியை ஆஸ்பத்திரி வாசல்லேயே பிடிச்சு இழுக்கிற சட்டம் எதுக்கு?"

"யாரு எழுதிக் கொடுத்தது இதை?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கத்தியது.

"யாரும் எழுதிக் கொடுக்கல." டிவி கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் ஊடுருவி, இரண்டாவது கோட் அடிக்காத அந்தச் சுவரை, அதன் கீழே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துப் பேசுகிற மாதிரி பேசினாள். "இன்னிக்குக் காலையில என் வீட்டுல மிளகு உட்கார்ந்துச்சு. என் புருஷன் பெட்டி முன்னாடி. சாரத்துலேர்ந்து விழுந்து முதுகு ஒடைஞ்சவர். உள்ளே பொடி இருந்துச்சு. எடுத்து முத்திரை போட்டு அலுவலகப் பெட்டியில வச்சிருக்கேன், சாவி இதோ இருக்கு. அவர் இப்ப மீட்பு மையத்துல உட்கார்ந்திருக்காரு. என் வேலை போயிடும்னு பயந்து வைத்தியத்துல சேர மாட்டேங்கிறாரு. அதனால அந்த வேலையை எல்லார் முன்னாடியும் நானே மேஜை மேல வச்சுட்டேன். இனிமே மறைக்க ஒண்ணும் இல்லீங்க. உள்ளே போங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியுமாக்கும்!" என்று அதே பின்வரிசைக் குரல்.

"ஆமாங்க," என்றாள் அவள். "எனக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியட்டும்னுதான் சொல்றேன்."

தலைவி கண்ணாடியைக் கழற்றியவர் மாட்ட மறந்துபோனார்.

மேடையிலிருந்து இறங்கியதும் அதிகாரி எதிரில் வந்து கையை நீட்டினார். அவள் மிளகின் வாரையும் சாவியையும் கொடுத்தாள். மிளகு ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் எட்டிப் பார்த்தது.

"இப்ப நான் என்ன செய்யணும்னு உனக்குத் தெரியும்ல?" அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம்.

"தெரியும் சார். உங்க வேலையை நீங்க செய்யுங்க. என் வேலையை நான் செய்யறேன்."

*

ஆட்டோ பிடித்து மையத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது, வரவேற்பறையில் பெயிண்டர் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. போய்விட்டானா? இவ்வளவும் செய்து, ஓடிவிட்டானா?

"உள்ளே இருக்கான்," என்றாள் நாத்தனார். கண் சிவந்திருந்தது. "நீ டிவியில உள்ளே போங்கன்னு சொன்னியே, எழுந்தான். ஓடப் போறான்னு நான் சட்டையைப் பிடிச்சுட்டேன். 'விடுக்கா, போலீஸ்காரம்மா சொல்லிட்டா'ன்னு நேரா டாக்டர் ரூமுக்குப் போயிட்டான். சட்டைப் பொத்தான் ஒண்ணு என் கையோட வந்துடுச்சு, தச்சுக் கொடுக்கணும்."

மோப்பக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. நாத்தனார் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

"ஒண்ணு சொல்லிடறேன். நீ பேசினதை நான் ஒத்துக்கல. பயம் வேணும். என் வீட்டுக்காரரைக் காப்பாத்தினது பயம்தான்."

"நீங்க ஒத்துக்க வேணாம் அண்ணி."

"ஒத்துக்க மாட்டேன்."

டாக்டரம்மா உள்ளேயிருந்து வந்தார். "முதல் மருந்து கொடுத்தாச்சு. நல்லாத்தான் இருக்காரு, குளிர்தான் அதிகம், போர்த்திவிட்டிருக்கோம். ஆனா ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துச்சு. ஜீப் கிளம்பிடுச்சாம். டிவியில பார்த்தப்புறம் பேசாம இருந்தா அவங்க பேர் கெட்டுடுமாம். மேடம், மருந்து உள்ளே போயிருக்கு. இன்னிக்கு அவரை லாக்கப்புக்குக் கொண்டுபோனா நான் பொறுப்பில்ல."

"கொண்டுபோக மாட்டாங்க," என்றாள் மோப்பக்காரி.

"எப்படிச் சொல்றீங்க?"

அவள் வெளியே போய் வாசற்படியின் நடுவில் நின்றாள். ஒரே வாசல்தான் அந்தக் கட்டடத்துக்கு. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். எத்தனையோ வாசல்களில் அவள் எதிர்ப்பக்கம் நின்றிருக்கிறாள், அம்மாக்களும் மனைவிகளும் இப்படிக் குறுக்கே நிற்க, அவர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். எப்படித் தள்ளுவார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

பின்னால் தரையில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. நாத்தனார் ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து, அவளுக்குப் பக்கத்தில் மிச்சம் இருந்த இடத்தில் குறுக்கே போட்டு, சட்டமாக உட்கார்ந்தாள்.

"நீங்கதான் ஒத்துக்கலையே அண்ணி?"

"ஒத்துக்கலதான். என் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பணும்னா நான் அனுப்புவேன். உடம்பு தேறட்டும், முதுகு நிமிரட்டும், நானே காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறேன். குளிர்ல நடுங்கறவனைத் தூக்கிட்டுப் போக அவனுங்க யாரு?"

ஜீப் தெருமுனை திரும்பியது. எதிர்க்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார். ஜீப் வாசலுக்கு நேராக வந்து நின்றது. இரண்டு காவலர்கள் குதித்து இறங்கினார்கள், அவளுடைய பழைய சகாக்கள், அவள் முகத்தைப் பார்க்கக் கூசினார்கள். கடைசியாக முன்பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அதிகாரியே இறங்கினார்.

"வழி விடும்மா."

"மாட்டேன் சார்."

"மசோதாதான் வந்திருக்கு. இன்னும் சட்டமாகல. இன்னிக்கு இருக்கிற சட்டம் என்னன்னு உனக்கு நல்லாத் தெரியும்."

"தெரியும் சார். அதனாலதான் நிக்கிறேன். உள்ளே இருக்கிறவருக்கு மருந்து ஏறிட்டு இருக்கு. என் மேல எந்த கேஸ் வேணும்னாலும் போடுங்க, இப்பவே வர்றேன். அவரைத் தொடணும்னா என்னைத் தள்ளிட்டுத்தான் போகணும். எப்படித் தள்ளணும்னு இவங்க ரெண்டு பேருக்கும் நான்தான் பழக்கினேன். தள்ளச் சொல்லுங்க."

காவலர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். தெருவில் ஆட்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். யாரோ கைபேசியை உயர்த்திப் படம் எடுத்தார்கள்.

அதிகாரி தன் கைபேசியை எடுத்து, இரண்டடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு யாருடனோ தணிந்த குரலில் பேசத் தொடங்கினார். இன்னும் ஆட்களை அனுப்பச் சொல்கிறாரா, வேறு ஏதாவது கேட்கிறாரா என்று வாசலில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

இரண்டு பெண்களும் நகரவில்லை.